கையசைக்கும் சிறுமி, நம்பர் 31

டோரீன் மெல்லர் தன் மகளுக்கு எத்தனை தடவை கண் எழுதியிருப்பாள்? ஆயிரத்துக்குக் குறையாது. முதலில் இமைக்கு ஒரு பழுப்புக் கோடு. அது காய்ந்ததும், மூன்றே மூன்று மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கத்தரித்த தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நீலப் புள்ளி. அவ்வளவுதான். அறுபது மில்லிமீட்டர் உயரச் சிறுமிக்கு உயிர் வந்துவிடும். வலது கையைத் தூக்கி, வரப்போகிற ரயிலுக்கு அவள் கையசைக்கத் தொடங்கிவிடுவாள்.

விலைப்பட்டியலில் அந்தச் சிறுமிக்கு நம்பர் 31. வீட்டில் அவள் பெயர் லோர்னா.

டோரீன் பதினைந்து வயதில் இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊரில் ஒரு பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குப் பூ எழுதச் சேர்ந்தவள். ஒரு கோப்பைக்கு ஐந்து ரோஜா. ஆறாவது எழுதினால் மேற்பார்வைக்காரி கத்துவாள், நான்கு எழுதினால் முதலாளி கத்துவார். அதே ஆலையில் அச்சுக் கொட்டகையில் வேலை பார்த்தவன் நார்மன். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இருவரும் சூளையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அந்தக் கதகதப்பில் ரொட்டி தின்றார்கள்.

"எனக்கு ஒரு ரோஜா எழுதித் தரமாட்டியா வாத்து?" என்றான் ஒரு நாள். அந்த ஊரில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரை பிரியமாகக் கூப்பிடுகிற சொல் அது.

"எங்க எழுதறது, உன் மூஞ்சியிலயா? அஞ்சு பத்தாது, அம்பது வேணும்."

அடுத்த வருஷமே கல்யாணம். வெகுநாள் கழித்துப் பிறந்தவள் லோர்னா, ஒரே பெண். அவளுக்கு இரண்டு வயதாகும்போது ஆலை மூடியது. வேலை போன இரண்டு பேர், இடுப்பில் ஒரு குழந்தை. என்ன செய்வது?

அந்தப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டுகிறவர்கள் நிறைய. தாத்தாவான பிறகும் மண்டியிட்டு, ரோஜாச் செடிகளுக்கு நடுவில் தண்டவாளம் போட்டு, செருப்பு டப்பா அளவு எஞ்சினில் நிஜத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஓட்டுகிற மனுஷர்கள். எஞ்சின் விற்கப் பெரிய கம்பெனிகள் இருந்தன. ஆனால் ரயில் வந்து நிற்கும் இடத்தில் யாருமே இல்லையென்றால் அது என்ன ஸ்டேஷன்? விளக்குக் கம்பம் வேண்டாமா, பெஞ்சு வேண்டாமா, பால் கேன், பெட்டி தூக்கும் போர்ட்டர், அவரைத் திட்டுகிற ஒரு கிழவி? நார்மன் அதையெல்லாம் செய்ய ஆரம்பித்தான். கொல்லைக் கொட்டகைதான் தொழிற்சாலை. அவன் உரு செய்து, அச்செடுத்து, வார்ப்பான். டோரீன் வர்ணம் தீட்டுவாள்.

நார்மனுக்கு ஒரு குறை, அல்லது ஒரு கொடை. கற்பனையில் முகம் செய்ய அவனுக்கு வராது. நேரில் பார்க்க வேண்டும். அதனால் ஊரே அந்த விலைப்பட்டியலில் நின்றது. கசாப்புக் கடைக்காரர் கடைக்கு வெளியே வந்து சண்டை பிடித்தார்.

"ஏன்யா நார்மன், என் தொப்பையைக் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கக் கூடாதா?"

"குறைச்சுத்தான் வச்சிருக்கேன். உள்ளபடி வச்சிருந்தா பிளாட்பாரத்துல ரயில் நுழையாது."

எண்பத்தாறில், லோர்னாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவளைச் சமையலறை மேஜை மேல் நிற்க வைத்து நான்கு மாலை வேளைகள் அவள் உருவத்தைச் செய்தான்.

"அப்பா, கை வலிக்குது."

"ரயில் இன்னும் வரலையே கண்ணு."

"எப்பப்பா வரும்?"

"லேட்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் இப்பத்தான் சொன்னார்."

ஒரு காலுறை கணுக்காலுக்குச் சரிந்து கிடந்தது. டோரீன் அதை இழுத்துவிடப் போனாள். "தொடாதே, அது அப்படியே இருக்கட்டும்" என்றான். அப்படியேதான் இருந்தது. ஒரு காலுறை மேலே, ஒன்று கீழே, தூக்கிய கை, நுனி சற்றே நிமிர்ந்த மூக்கு. இங்கிலாந்து முழுக்க எத்தனையோ தோட்டங்களில் லோர்னா ரயில்களை வழியனுப்பினாள்.

தொண்ணூற்றெட்டில் அவளுக்குப் பத்தொன்பது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். வெள்ளிக்கிழமை தலைவலி என்று போன் செய்தாள். "மாத்திரை போட்டுட்டுத் தூங்கு வாத்து" என்றாள் டோரீன். சனிக்கிழமை மூளைக்காய்ச்சல் என்றார்கள். திங்கட்கிழமை, அம்மாவின் கையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. அந்தத் தாய் அன்று என்ன ஆனாள் என்று எழுத எந்தப் பேனாவுக்கும் தெம்பு கிடையாது.

அடக்கம் முடிந்த வாரம் தபாலில் ஆர்டர்கள் வந்தன. அதில் ஐந்து பேர் 31 கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்!

"இதை நிறுத்திடலாமா?" என்றான் நார்மன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஏன் நிறுத்தணும்? இன்னும் அஞ்சு தோட்டத்துல நிக்கட்டும் என் பொண்ணு."

அன்றிலிருந்து டோரீன் பிழைத்திருந்தது அதனால்தான். வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது லோர்னா. ஒவ்வொருத்திக்கும் கண் எழுதி, தலையில் விரல் நுனியால் ஒரு தட்டு தட்டி, "போய்ட்டு வாடி" என்று டப்பாவை மூடுவாள்.

இப்படிப் பதினோரு வருஷம். ஒரு மார்ச் மாதம், வாடிக்கையாளர் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டரையும் சிறுமியையும் ஒரே பலகையில் ஒட்டித் தரக் கேட்டார். டோரீன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஏதோ சரியில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டின் மூன்றாவது பொத்தானுக்கு லோர்னாவின் உச்சந்தலை வர வேண்டும். அது அவளுக்கு மனப்பாடம். இப்போது உச்சந்தலைக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவில் கோட்டுத் துணி தெரிந்தது.

அளவுகோலை வைத்தாள். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். அறுபது இல்லை.

பூதக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். மூக்கின் நுனி எங்கே? அங்கே வெறும் மேடுதான் இருந்தது. நிமிர்ந்த நுனியை நிழல் போட்டு, இத்தனை வருஷமாகத் தன் தூரிகைதான் வரைந்து வந்திருக்கிறது. கை பழக்கத்தில் செய்ததைக் கண் கவனிக்கவில்லை. அச்சில் இல்லாத மகளை அவள் வர்ணத்தில் இட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்!

கொட்டகை அலமாரியில் நார்மன் ஒவ்வொரு மூல உருவத்தையும் ஒரு பழைய புகையிலை டப்பாவில் வைத்திருப்பான். லோர்னா போனபிறகு 31 என்று எழுதிய டப்பாவை டோரீன் திறந்ததில்லை. திறக்கத் தைரியம் வந்ததில்லை. இப்போது திறந்தாள்.

உள்ளே ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் லோர்னா. நெற்றியிலிருந்து தாடை வரை கத்தி வெட்டு.

நார்மன் அப்போது அச்சில் ஊற்றும் ரெசின் பிசினைக் கலக்கி, கப்பைக் கையில் வைத்திருந்தான்.

"நார்மன், என் பொண்ணு ஏன் சின்னதாகிட்டே போறா?"

அவன் டப்பாவைப் பார்த்தான். கப்பிலிருந்த ரெசின் சூடேறி, வெளுத்து, அவன் கையிலேயே கல்லாக இறுகிப்போனது. அதன் பிறகுதான் வாய் திறந்தான்.

பழைய அச்சு கிழிந்திருந்தது. புது அச்செடுக்க வேண்டும். ரப்பர் அச்சு இரண்டு பாதி. முதல் பாதி இறுகியதும் திருப்பிப் போட்டு, அதன் மேல்பரப்பு முழுக்க வாஸலின் பூசிவிட்டுத்தான் அடுத்த பாதியை ஊற்ற வேண்டும். பூசாவிட்டால் ரப்பர் ரப்பரோடு ஒட்டி, உள்ளே இருக்கிற உருவத்தோடு ஒரே கட்டியாகிவிடும்.

"பதினேழு வருஷம் ஆலையில அச்சு பண்ணினவன் நான். எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா வெளியே துரத்தியிருப்பேன். வாஸலின் டப்பா கையில இருந்துச்சு டோரீன். மூடியைக்கூடத் திறந்துட்டேன். பூசினேன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"ஒட்டிக்கிச்சு. அவ உள்ள எங்க இருக்கான்னு தெரியலை. கத்தியால அறுத்துக்கிட்டே போனேன். கத்தி... முகத்துல..."

"எப்ப?"

"அடக்கம் முடிஞ்ச ஒன்பதாம் நாள்."

மூல உரு போய்விட்டது. விற்கக் கிடந்த ஒரு வார்ப்பை எடுத்து, அதிலிருந்து அச்செடுத்தான். அது கிழிந்ததும் அந்த அச்சில் வந்த ஒன்றிலிருந்து இன்னொன்று. நல்லதாக ஒரு வார்ப்பை எடுத்து மூல உருவாகப் பத்திரப்படுத்தியிருக்கலாம். ஆனால் எங்கே வைப்பது? டோரீன் கண்ணில் பட்டால் என்ன சொல்வது? நகலின் நகல், அதன் நகல். ஒவ்வொரு தடவையும் ரப்பர் ஒரு மயிரிழை சுருங்கும், ரெசின் ஒரு மயிரிழை சுருங்கும்.

"பதினோரு வருஷமா வாயைத் திறக்கலையே நீ!"

"ஒரே பொண்ணை ரெண்டு தடவை தொலைச்சேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

"அவ செத்ததுக்கு நீ காரணமில்லை நார்மன். இதுக்கு நீதான். இதை மறைச்சதுக்கும் நீதான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. கெட்டில் சத்தம் போட்டது, மழை சத்தம் போட்டது, இருவரும் போடவில்லை. நார்மன் பழைய போட்டோக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு புதிதாக உரு செய்து பார்த்தான். ஒன்றல்ல, ஏழு. ஏழாவதை மேஜையில் அவள் முன்னால் வைத்தான்.

டோரீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு வீட்டுப் பிள்ளை இது?" என்றாள்.

அவன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கேள்விக்காக அவள் பிறகு பலநாள் தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் அப்போது மனசு இளகவில்லை.

தோட்ட ரயில்காரர்களின் சங்கப் பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுத்தாள். எண்பத்தாறில் எங்களிடம் வாங்கிய 31 யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள், புதிதாக எது வேண்டுமானாலும் மாற்றித் தருகிறோம். காரணம் எழுதவில்லை. ஒரே ஒரு பழைய லோர்னா, அந்த முகத்தோடு, கிடைத்தால் போதும். அதிலிருந்து அவளை மீட்டுவிடலாம்.

பொட்டலங்கள் வந்தன. நல்ல மனுஷர்கள்! கடிதமும் எழுதியிருந்தார்கள். 'இவளை நரி இரண்டு தடவை தூக்கிப்போனது, இரண்டு தடவையும் தானே திரும்பி வந்தாள்.' 'எங்கள் ஸ்டேஷனில் நத்தைகளுக்கு இவளை ரொம்பப் பிடிக்கும்.' ஆனால் இருபத்துமூன்று குளிர்காலம் வெளியில் நின்ற பொம்மைகள் அவை. பனியில் தோல் உரிந்து, பாசி படிந்து, முகம் கழுவித் துடைத்தாற்போல வழுவழுவென்று இருந்தது. டோரீன் அவர்களைச் சமையலறை ஜன்னலோரம் நிறுத்தினாள். முகமில்லாத பதினான்கு லோர்னா. தூக்கிய பதினான்கு கை.

மே மாதம் ஒரு போன் வந்தது.

"மிஸஸ் மெல்லருங்களா? நான் ஹெக்டர் டாலிமோர், லிங்கன்ஷயர் பக்கம். உங்க சின்னப் பொண்ணு எங்கிட்ட சௌக்கியமா இருக்கா. ஒரு துளி மழையில நனைய விட்டதில்லை."

"தபால்ல அனுப்புவீங்களா?"

"குழந்தையையா? தபால்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ரயில் ஓட்டுவேன். வந்து பாருங்க."

நான்கு மணி நேரப் பயணம். நார்மன்தான் வண்டி ஓட்டினான். "இடது பக்கம்" என்றாள் அவள் மூன்று தடவை. வேறு பேச்சில்லை.

டாலிமோருக்கு எண்பது தாண்டியிருந்தது. பேன்ட்டின் முழங்கால்கள் இரண்டிலும் பச்சைக் கறை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புல்லில் மண்டியிட்டபடியே அவர் தொப்பியைத் தொட்டு வரவேற்றார்.

"எங்க ஐடா இருந்தாளே, என் வீட்டுக்காரி, அவதான் இதை வாங்கினது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரயில் ஓடி முடிச்சதும் முதல் வேலையா இவளை உள்ள தூக்கிட்டுப் போயிடுவா. 'ஏய் கிழவா, எஞ்சின் நனையட்டும், குழந்தை நனையக் கூடாது'ன்னு கத்துவா. அவ போயி ஆறு வருஷம் ஆச்சு. நான் இன்னும் தூக்கிட்டுத்தான் போறேன். இல்லேன்னா மேலேருந்து திட்டுவாளே!" சிரித்தார். "ஆமா, இது நிஜப் பொண்ணுதானா? இப்ப பெரியவளா ஆயிருப்பாளே?"

"பத்தொன்பது வயசு வரைக்கும் ஆனா" என்றாள் டோரீன்.

கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு பிளாட்பாரத்திலிருந்து அந்தச் சிறுமியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

டோரீன் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். நிமிர்ந்த மூக்கு! மேலுதட்டுக்குக் கீழே விழுந்த பல்லின் இடைவெளி! கை வலிக்கிறது என்று முனகும் அந்தப் புருவச் சுளிப்பு! அப்பா, எப்பப்பா ரயில் வரும் என்று கேட்கிற முகம். புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நார்மன், தான் எப்போதோ செய்து விற்ற பொம்மைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், தள்ளியே நின்றான், கூப்பிடாமல் கிட்டே வரக்கூடாது என்று தண்டனை பெற்றவனைப் போல.

"வந்து பாரு" என்றாள். வழி சொன்னதைத் தவிர, இரண்டு மாதத்தில் அவனிடம் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை.

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தொழில்காரனின் குரலில்தான் அவனால் பேச முடிந்தது.

"எனாமல் பெயிண்ட் தடிமனா இருக்கு. பெயிண்ட் கரைக்கிற திரவத்துல ரெண்டு மணி நேரம் ஊறப் போட்டா மொத்தமா உரிஞ்சு வந்துடும். அடியில முகம் அன்னிக்குச் செஞ்ச மாதிரியே இருக்கும். மீட்டுடலாம் டோரீன்."

சரி என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அப்போதுதான் கண்ணாடி கீழே நகர்ந்தது. கால்கள். சிவப்பு ஷூ. வர்ணம் வரம்பு தாண்டிக் காலுறையில் வழிந்திருந்தது. தூரிகை போன வழியெல்லாம் வரப்பு வரப்பாகத் தடித்துக் கிடந்தது. யார் செய்த வேலை இது? கோப்பைக்கு ஐந்து ரோஜா எழுதியவளின் கை இப்படி வழியவிடுமா?

கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். எண்பத்தாறு. பள்ளி விடுமுறை, வெளியே விடாத மழை. முதல் பன்னிரண்டு பொம்மைகள் மேஜையில். 'என் ஷூவுக்கு நான்தான் பெயிண்ட் அடிப்பேன்! அது என்னோட ஷூ!' நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தூரிகையை முஷ்டியில் பிடித்துக்கொண்டு...

"உரிக்காதே" என்றாள்.

"பெயிண்ட் மேலேயே அச்செடுத்தா முகம் மங்கலாத்தான் வரும். பதினாலு பொம்மையில நீ தேடினது இந்த முகத்தைத்தானே?"

"அந்த முகத்தை நீ செஞ்சே நார்மன். இந்த ஷூவை அவ செஞ்சா."

மகளின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தபோது அழாத மனிதன், முன்பின் தெரியாத ஒரு கிழவரின் தோட்டத்தில், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். டாலிமோர் எஞ்சினைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொண்டு போங்க" என்றார் கடைசியில். "ஆனா அடுத்த ஞாயிறு மூணு மணிக்குள்ள வந்துடணும். ரயில் வர்றப்போ யாராவது கையசைக்கணும்ல."

புதன்கிழமை அச்சு. முதல் பாதி ஊற்றி இறுகியது. திருப்பிப் போட்டார்கள். நார்மன் வாஸலின் டப்பாவைத் திறந்தான். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்னால முடியாது. நீ பூசு."

"மாட்டேன். நீயே பூசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

பூசினான். ஓரம், மூலை, கால் இடுக்கு, தூக்கிய கையைச் சுற்றி.

"பூசிட்டேனா டோரீன்?"

"பூசிட்ட."

துணியால் ஒற்றிவிட்டு மறுபடி பூசினான். "பூசிட்டேனா?"

"பூசிட்ட வாத்து."

நான்கு தடவை கேட்டான். நான்கு தடவையும் அவள் பதில் சொன்னாள். பிறகுதான் ரப்பரை ஊற்றினான். மறுநாள் காலை இரண்டு பாதியும் சத்தமில்லாமல் பிரிந்தன.

முதல் வார்ப்பை டோரீன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர். முகம், மழைத் தண்ணீர் வழியும் ஜன்னலுக்கு அப்பால் தெரிகிற முகம்போல இருந்தது. இருக்கிறாள், ஆனால் கூப்பிட்டால் கேட்காது. அந்த நிமிர்ந்த மூக்கு இனி எப்போதும் திரும்பாது. அது தெரிந்துதான் அவள் செய்தாள். ஆனால் ஷூவில் ஒவ்வொரு வரப்பும் அப்படியே வந்திருந்தது. ரப்பர் எதையும் மறப்பதில்லை. கட்டைவிரலால் தடவினாள். ஒரு குழந்தையின் அவசரம் விரலில் தட்டுப்பட்டது.

சனிக்கிழமையே லிங்கன்ஷயருக்குப் போய் அந்தப் பழைய சிறுமியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழியில் பேசிக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் சாலையைப் பற்றி.

இலையுதிர் காலத்தில் ஒரு வாடிக்கையாளர் கடிதம் எழுதினார். வருஷக்கணக்காக உங்களிடம் வாங்குகிறேன். இந்தத் தடவை 31-இன் வார்ப்பு மோசம், ஷூவெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது, உங்கள் பெயருக்கு இது அழகல்ல, சரியானதாக வேறு அனுப்பவும்.

நார்மன் படித்துவிட்டுக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினான். "அவர் சொல்றதும் சரிதான். தொழில்னு பார்த்தா அது குறைதான்."

டோரீன் அன்று மத்தியானமே பதில் எழுதினாள்.

'மன்னிக்க வேண்டும் ஐயா. அவள் ஷூ அப்படித்தான். வேறு இல்லை. பிடிக்கவில்லையென்றால் அவளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கே அனுப்பிவிடுங்கள்.'

எட்டு நாள் கழித்துப் பொட்டலம் வந்தது. செய்தித்தாளில் தலைகீழாகச் சுற்றி, இறுக நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். டோரீன் ஈரத்துணியால் அந்தக் கன்னத்தில் ஒட்டியிருந்த அச்சு மையைத் துடைத்தாள்.

"வந்துட்டியாடி" என்றாள்.